குளிர்கை ஐயாவும் திரும்பி வந்தவர்களும்

எங்கள் தெருவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு கை. கைக்குப் பின்னால் ஓர் ஆளும் இருந்தார். ஆனால் ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை, கையைப் பற்றித்தான் பேச்சு. வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவன் கண்டக்டரிடம் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கை இருக்கிற ஸ்டாப்புல இறக்கி விடுங்க" என்பான். கண்டக்டர் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே விசில் கொடுப்பார்.

கைக்குச் சொந்தக்காரர் குளிர்கை ஐயா. முன்பு அச்சகம் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, வாசலில் பலகை மாட்டியிருந்தார்: "உஷ்ண நிவாரண நிலையம். உடல் சூடு, நீர்ச் சூடு, இரகசியச் சூடு யாவும் கை பட்டதும் தணியும்." இரகசியச் சூடு என்றால் என்ன என்று தெரியாத நல்லவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் போகும்போது நெருப்பாக எரியும். உள்ளாடையில் சீழ் படியும். டாக்டர்கள் அதற்கு கொனோரியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்கள் வெட்டை நோய் என்பார்கள். ஐயா இரண்டையும் தள்ளிவிட்டு, "சூடு" என்றார்.

அங்கேதான் மனிதரின் சாமர்த்தியம். நோய் என்று சொன்னால், எங்கே வாங்கினாய் என்று அடுத்த கேள்வி வரும். சூடு என்று சொன்னால் ஒரு கேள்வியும் வராது. வெயிலில் அலைந்தேன், எஞ்சின் மேல் உட்கார்ந்தேன், தூக்கம் கெட்டது என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். சூடு என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னால் மனைவி சண்டைக்கு வரமாட்டாள். பாவம், குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

வைத்தியம் எளிது. உள்ளே ஒரு மேஜை. அதன் மேல் தரையைத் தொடுகிற அளவுக்கு நீளமான பச்சைத் துணி. மேஜைக்கு அந்தப் பக்கம் ஐயா, இந்தப் பக்கம் நீங்கள். ஐயா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் தியானம் செய்வார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து உங்கள் மணிக்கட்டில் வைப்பார். அவ்வளவுதான், உடம்பு சிலிர்த்துவிடும். "ஐஸ் மாதிரி இருந்துச்சுங்க!" என்று வெளியே வருகிறவன் ஒவ்வொருவனும் சொன்னான். அப்படிச் சொன்னவர்களில் ஒருவனுக்குக்கூட ஐஸ் ஞாபகத்துக்கு வரவில்லை.

கை சூட்டை இழுத்துக்கொண்ட பிறகு, வெள்ளையும் சாம்பலும் கலந்த பொடி ஒரு பொட்டலம் கிடைக்கும். பெயர் குளிர்ப்பொடி. கூடவே நிபந்தனைகள். எரிச்சல் நின்ற உடனே பொடியை நிறுத்திவிட வேண்டும். மீதியைக் கீழே கொட்டாமல் ஐயாவிடமே பக்தியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது, போட்டால் கையின் சக்தி முறிந்துவிடும். மனைவியிடம் மூச்சு விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தேகப்படக் கூடாது. சந்தேகப்பட்டால் சூடு திரும்பிவிடும்.

எரிச்சல் உண்மையிலேயே நின்றது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பொடி உள்ளே போன மறுநாளே பலருக்கு நின்றது. மீதிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கண்ணில் நீர் தளும்பக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். போனவர்கள் சில வாரத்தில் திரும்ப வந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று ஐயா கேட்கமாட்டார். "சந்தேகப்பட்டுட்டே இல்ல?" என்று மட்டும் சோகமாகக் கேட்பார். வந்தவன் தலையைக் குனிந்துகொள்வான். உலகத்தில் ஒரு நிமிஷமாவது சந்தேகப்படாத மனுஷன் எங்கே இருக்கிறான்?

நிலையத்துக்கு எதிர்ப்பக்கத்தில் என் சலூன். ஐயாவின் வரிசையில் நின்றால் தெரிந்தவர் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தவர்கள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே வரிசை குறைகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சும்மா உட்கார முடியுமா? சவரம் செய்துகொள்வார்கள். காலையில் வீட்டில் சவரம் செய்துவிட்டு வந்தவர் கூட, "இன்னொரு தடவை போடுங்க" என்பார். வங்கியில் வேலை பார்ப்பவர் வந்தார். ஊர்க் கூட்டங்களில் ஒழுக்கம் பற்றி முழங்குகிற பேச்சாளர் வந்தார். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற விரிவுரையாளர் வந்தார். அவர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கூட்டம் பெருகப் பெருக ஐயாவின் புகழ் பெருகியது. புகழ் பெருகப் பெருகக் கூட்டம் இன்னும் பெருகியது. "இவ்ளோ பேர் வர்றாங்கன்னா ஒண்ணும் இல்லாமலா வருவாங்க?" என்று என் கடையில் ஒருவர் கேட்பார். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று சோப்பு நுரைக்குள்ளிருந்தே தலையாட்டுவார்கள். கன்னத்தில் கத்தி இருக்கும்போது தலையாட்டாதீர்கள் என்று நான் கத்துவேன்.

தெருக்கோடியில் அரசாங்க மருத்துவமனையும் இருந்தது. படித்த டாக்டரம்மா, நர்ஸ், மருந்து எல்லாம் இலவசம். ஆனால் இந்த நோய்க்கான பிரிவின் வாசலில், "பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவு" என்று ஆள் உயர எழுத்தில் பலகை. சிவப்பில் ஓர் அம்புக்குறி வேறு. அதற்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். அந்த வாசற்படியில் ஏறுகிறவன் சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அதனால் உள்ளே டாக்டரம்மாவும் நர்சும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது வரைக்கும் ஊர்க் கதை. இனி என் வீட்டுக் கதை.

என் தங்கையின் கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அவரும் என் கடை பெஞ்சுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். மறைக்கவும் இல்லை.

"என்ன மாப்ள, முந்தாநாள்தானே பண்ணிவிட்டேன். அதுக்குள்ள என்ன வளர்ந்துச்சு?"

"சூடு மச்சான். எஞ்சின் மேலயே உக்காந்திருக்கேன்ல. ஐயாகிட்ட ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு."

எஞ்சின் சூடுதானே என்று நானும் விட்டுவிட்டேன். லாரி ஓட்டுகிறவருக்குச் சூடு வராமல் யாருக்கு வரும்?

தங்கை துணி தைக்கும் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு மேற்பார்வையாளர். தைத்து வருகிற சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கோணல் தையலைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. வீட்டிலும் அதே பார்வைதான். சின்ன வயதில் நான் சொன்ன பொய் ஒன்றுகூட அவளிடம் செல்லுபடியானதில்லை. அப்போது அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து உண்டான பிள்ளை.

ஒரு நாள் மத்தியானம் மாப்பிள்ளை என் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் முழுக்க நுரை. ஒரு கன்னம் முடித்துவிட்டுக் கழுத்துக்கு வந்திருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை வந்தாள்.

"அண்ணே, அந்தக் கத்தியை ஓரமா வை. இல்லன்னா என்கிட்டக் குடு."

கத்தியை ஓரமாக வைத்தேன். அவளிடம் கொடுக்கிற மாதிரி முகம் இல்லை அது.

"தெருக்கோடி ஆஸ்பத்திரிக்கு மாசச் செக்கப்புக்குப் போனேன்ல. அங்க எல்லாப் பரிசோதனையும் பண்ணினாங்க. எனக்கு வெட்டை நோயாம்."

கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று வெளியே வேலை வந்துவிட்டது. பெஞ்சு காலியானது. மாப்பிள்ளை கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"உனக்கு எப்படி? உனக்குத்தான் எரிச்சல் ஒண்ணும் இல்லையே?"

"எரிச்சல்னு நான் சொல்லவே இல்லையே."

நுரைக்குள் இருந்த முகம் வெளுத்ததா, நுரையே முகமா என்று சொல்ல முடியவில்லை.

"பொம்பளைங்களுக்கு நிறையப் பேருக்கு வெளிய ஒண்ணுமே தெரியாதாம். உள்ளுக்குள்ளயே இருக்குமாம்" என்றாள். அது வரைக்கும் நேராக இருந்த குரல் அங்கே உடைந்தது. "பிரசவத்துல குழந்தை கண்ணுல பட்டா, கண்ணு போயிடுமாம் அண்ணே. பார்வை போயிடுமாம்."

மாப்பிள்ளையின் மேல் கோபம் வந்தது. கத்தியை ஓரமாக வைத்தது நல்லதாகப் போயிற்று.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். "எனக்கு லேசா சூடு இருந்துச்சு. ஐயா சரி பண்ணிட்டாரு. மூணு தடவை சரி பண்ணிட்டாரு."

"சரியானது எப்படிங்க மூணு தடவை சரியாகும்?"

"நடுவுல எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துடுச்சு. அதனால திரும்பிடுச்சு. என் தப்புதான்."

"உங்க தப்பு வேற. அது எங்க ஒட்டுச்சு, யார்கிட்ட ஒட்டுச்சுன்னு நான் இப்பக் கேக்கல. கேக்காம விடவும் மாட்டேன். முதல்ல கிளம்புங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டாத்தான் போகுமாம். ஒருத்தருக்கு மட்டும் போட்டா மத்தவங்ககிட்டருந்து திரும்ப வந்துடுமாம்."

"அந்த போர்டு போட்ட வாசல்லயா? என்னையா? பஸ் ஸ்டாப்புல எங்க டிரைவர் பசங்க நிப்பானுங்க. அதோட, ஊசி போட்டா ஐயா குடுத்த சக்தி முறிஞ்சுபோயிடும்."

எழுந்து பாதிச் சவரத்தோடு வெளியே நடந்தார். நாற்காலியில் கிடந்த அவர் சட்டையை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். சட்டைப் பையில் அன்றைக்கு வாங்கிய பொட்டலம் இருந்தது. தங்கை அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சட்டைத் தையலைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சில நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டனுப்பியபோது, தங்கைக்குத் துணையாக நானும் போனேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒருவர், "என்ன, நீங்களுமா?" என்று என்னிடம் கேட்டார். எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனேன். டாக்டரம்மா கண்ணாடி மூடி போட்ட இரண்டு தட்டுகளை மேஜையில் வைத்திருந்தார்.

"தொடாதீங்க, பாருங்க. இந்தத் தட்டுல இருக்கிறது, நாங்க பரிசோதனைக்குன்னு வெச்சிருக்கிற பழைய கிருமி. சாதுவானது, எந்த மருந்துக்கும் செத்துடும். நடுவுல உங்க குளிர்ப்பொடியை வெச்சேன். சுத்தி வட்டமா காலியா இருக்கு பாருங்க. கிருமி வளரவே இல்ல."

"அப்ப பொடி வேலை செய்யுதா டாக்டர்?" என்றேன்.

"வேலை செய்றது அதுல அரைச்சுப் போட்டிருக்கிற மாத்திரை. மெடிக்கல் ஷாப்புல கிடைக்கிற மாத்திரையை இடிச்சு, சாம்பலோட கலந்து வெச்சிருக்கான். சாம்பல் கிருமியைக் கொல்லாதுங்க. நான் வெறும் சாம்பலையும் வெச்சுப் பார்த்துட்டேன்."

இரண்டாவது தட்டை நகர்த்தினார். அதிலும் நடுவில் அதே பொடி. ஆனால் வட்டம் எதுவும் இல்லை. பொடியின் விளிம்பு வரை கிருமி ஒட்டி வளர்ந்திருந்தது.

"இது உங்க தங்கச்சிகிட்டருந்து எடுத்தது. இதுக்கு அந்த மாத்திரை பொருட்டே இல்ல. அரைகுறையாச் சாப்பிட்டு நிறுத்தி, அரைகுறையாச் சாப்பிட்டு நிறுத்தி, நோஞ்சானா இருந்ததெல்லாம் செத்துச்சு. தாங்கினது தப்பிச்சுது. தப்பிச்சது பெருகிச்சு. இப்ப எல்லாம் தாங்குற ஜாதிதான். ஒரு காலத்துல பென்சிலினுக்கே செத்துக்கிட்டிருந்த கிருமிங்க இது. அப்புறம் ஒவ்வொரு மருந்தா நம்ம கையை விட்டுப் போச்சு. நல்ல வேளையா இந்த ஊசிக்கு இன்னும் சாகுது. இதையும் இப்படிப் பழக்கி விட்டுட்டா, என்கிட்ட வந்து உக்காந்தாலும் நானும் கையை மட்டும்தான் வைக்கணும்."

தங்கைக்கு ஊசி போட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் வந்தே ஆகணும்" என்றார் டாக்டரம்மா. "அவர் போட்டுக்கலன்னா உங்களுக்குப் போட்டது வீண். பிரசவம் பக்கத்துல வந்துடுச்சு."

கிளம்பும்போது நான் கேட்டேன். "அந்த போர்டைக் கொஞ்சம் சின்னதா வெக்கக் கூடாதா டாக்டர்?"

"மேலிடத்துக்கு எழுதினேங்க. ஆளுங்க வர்றதில்லன்னு எழுதினேன். வழி தெரியாமதான் வரலன்னு நினைச்சு அம்பு போட்டு அனுப்பிட்டாங்க."

மறுநாள் காலையில் மாப்பிள்ளை எதிர்க்கடை வரிசையில் நின்றார். பொட்டலம் போய்விட்டதால் இன்னொன்று வாங்க வந்திருக்கிறார். என் கடையிலிருந்து தங்கைக்குப் போன் போட்டேன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நானும் கடையை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் போனேன்.

அந்த நிலையத்துக்குள் அது வரைக்கும் ஒரு பெண் காலை வைத்ததில்லை. அதுவும் நிறைமாத வயிற்றோடு. கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். கூரையில் அப்படி என்ன இருந்ததோ. மாப்பிள்ளை ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். தூண் ஒல்லி, அவர் ஒல்லி இல்லை.

தங்கை யாரையும் பார்க்காமல் ஐயாவின் அறைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரையை மூடவும் இல்லை, முழுக்க ஒதுக்கிக் கட்டிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் சூடு ஐயா."

ஐயா திகைத்துப்போனார். "பெண்களுக்கு இந்தச் சூடு வராதம்மா."

"வந்திருக்கே. உங்ககிட்ட மூணு தடவை குணமானவர் கொண்டுவந்து குடுத்தது. கையை வையுங்க."

வெளியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாட்டேன் என்று சொன்னால் கைக்குக் கெட்ட பெயர். ஐயா கண்ணை மூடினார், தியானம் செய்தார், மேஜைக்கு அடியிலிருந்து கையை எடுத்து அவள் மணிக்கட்டில் வைத்தார். தங்கை அதைத் தன் இரண்டு கையாலும் அன்பாகப் பிடித்து மேஜைத் துணி மேல் வைத்துக்கொண்டாள்.

"அடேயப்பா, என்ன குளிர்ச்சி! இப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும் ஐயா. எனக்குச் சூடு ஜாஸ்தி. ரெண்டு உயிருக்கும் சேர்த்து எடுக்கணும்ல."

"மத்தவங்க காத்திருக்காங்கம்மா."

"காத்திருக்கட்டும். அவங்களுக்கு அது பழக்கம்தானே."

கையை விடாமல் தலையை மட்டும் வெளியே திருப்பினாள். "அண்ணனுங்களே, நான் துணிக் கம்பெனியில செக்கிங் பாக்குறவ. எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. சட்டை நல்லா இருக்குன்னு தைச்சவர் சொல்றதை நாங்க கேக்கமாட்டோம். போட்டவர் கும்பிட்டுட்டுப் போனார்னாலும் கேக்கமாட்டோம். அனுப்பினது திரும்பி வந்துச்சா, அதை மட்டும்தான் பார்ப்போம். இங்கயும் அதையே கேக்குறேன். முதல் தடவையா வந்தவங்க மட்டும் கை தூக்குங்க."

ஒரே ஒரு கை உயர்ந்தது. விசாரித்தால் அவர் பக்கத்து போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்தவர். வரிசை மாறி நின்றுவிட்டார்.

"சரி. முன்னாடியே வந்து குணமாகிப் போனவங்க?"

முதலில் வங்கிக்காரர் விரலை மட்டும் தூக்கினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர். அவரைப் பார்த்து ஒழுக்கப் பேச்சாளர், காது சொறிகிற மாதிரி. கடைசியில் கூடம் முழுக்கக் கை. தூணுக்குப் பின்னாலிருந்தும் ஒரு கை வந்தது. ஒருவரை ஒருவர் அப்போதுதான் பார்த்துக்கொண்டார்கள். அது வரைக்கும் ஒவ்வொருவனும் தான் ஒருவன்தான் சந்தேகப்பட்டுக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். யாரிடமும் சொல்லாதே என்று ஐயா ஏன் சொன்னார் என்பது எனக்கு அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

"இவ்ளோ கூட்டம் வருதுன்னு நம்பினீங்க" என்றாள் தங்கை. "கூட்டம் வரலீங்க. திரும்பி வந்திருக்கு."

ஐயா கையை மெல்ல இழுத்துப் பார்த்தார். செக்கிங்காரி விடவில்லை.

"என்ன ஐயா, கை வேர்க்குது?"

"அது... சூட்டை இழுத்துச்சு இல்லம்மா..."

"சார், நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, வந்து தொட்டுப் பாருங்க" என்று விரிவுரையாளரைக் கூப்பிட்டாள். அவர் வந்து தொட்டார். "வெதுவெதுப்பா இருக்கு" என்று முணுமுணுத்தார். முகம் கறுத்துவிட்டது. பாவம், சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதே என்பதுதான் அவர் பாடப்புத்தகத்தில் முதல் பாடமாம்.

"உன் சந்தேகம் என் கையையே சுட்டுடுச்சு!" என்று ஐயா கத்தினார். "விடு, நான் மறுபடியும் சக்தியை ஏத்தணும்!"

"தாராளமா ஏத்துங்க. ஆனா கை மேஜைக்கு மேலயே இருக்கட்டும்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. குனிந்து பச்சைத் துணியைத் தூக்கினேன். உள்ளே மீன் விற்கிறவர்கள் வைத்திருப்பது போன்ற ஐஸ் பெட்டி. அதன் மேல் துடைத்துக்கொள்ளத் துண்டு. பக்கத்தில் சின்ன மிக்ஸி, ஒரு டப்பா சாம்பல், காலியான மாத்திரை அட்டைகள் ஒரு குவியல். ஓரத்தில் ஒரு கூடை. அதில் ஜனங்கள் பக்தியோடு திருப்பிக் கொடுத்த மீதிப் பொட்டலங்கள் பிரித்துக் கொட்டிக் கிடந்தன, அடுத்தவனுக்காக. வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

எழுந்த கூச்சலில் ஐயா ஒரு நிமிஷம் ஒடுங்கிப்போனார். ஆனால் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும்.

"ஆமாய்யா, மருந்துதான் கலந்தேன்! விஷமா கலந்தேன்? மருந்து குடுத்தது குத்தமா? உங்க நல்லதுக்குத்தானே?"

நம்புவீர்களா, கூட்டம் யோசித்தது! "அதானே" என்றார் ஒருவர். "நிஜ மருந்தாவே குடுத்திருக்காரு பாவம்" என்றார் இன்னொருவர். சாம்பல் என்று நினைத்தபோது கும்பிட்டார்கள். மாத்திரை என்று தெரிந்ததும் கூடுதலாகக் கும்பிடத் தயாராகிவிட்டார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தங்கை எழுந்து நின்றாள். ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதி மருந்து குடுத்தாரு. பாதியில நிறுத்தச் சொன்னாரு. அதுல நோஞ்சான் கிருமி செத்துச்சு, உங்களுக்கு எரிச்சல் நின்னுச்சு. தெம்பானது உள்ளயே இருந்து குட்டி போட்டுச்சு. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொண்டாட்டிகிட்டக் குடுத்தீங்க, சொல்லாம. அவளுக்கும் தெரியாது. எனக்கும் தெரியல. இப்ப அந்த மாத்திரையைக் கிலோ கணக்குல தின்னாலும் எனக்கு இருக்கிறது சாகாது, டாக்டரம்மா தட்டுல வெச்சுக் காட்டினாங்க. ஒரே ஒரு ஊசிக்குத்தான் சாகுது. அதை நான் போட்டுக்கிட்டேன். இவர் போட்டுக்கலன்னா எனக்குத் திரும்ப ஒட்டி, என் பிள்ளைக்குக் கண்ணு போயிடும்." தூணைப் பார்த்தாள். "சக்தி முறியுமா முறியாதான்னு அப்புறம் யோசிக்கலாங்க. பிள்ளைக்குக் கண்ணு வேணுமா வேணாமா? அதை மட்டும் இப்ப சொல்லுங்க."

தூணுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை வந்தார். பாதிச் சவரத்தை அதற்குள் வேறு எங்கோ முடித்திருந்தார். முகம் அழுதிருந்தது.

"வா, போலாம்" என்றார்.

"எங்க?"

"அந்த போர்டு இருக்கிற இடத்துக்கு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் நடுத்தெருவில் நடந்தார். பஸ் ஸ்டாப்பில் அவருடைய கூட்டாளிகள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். "எங்கடா போறே?" என்று ஒருவன் கேட்டான். "ஊசி போட" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அவர்களோடு போன நான் திரும்பிப் பார்த்தேன். வரிசை முழுவதும் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, முன்னே பின்னே தெரியாதவர்கள் போல, ஆளுக்கொரு பக்கம் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்கள். மருத்துவமனை நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ போராட்டம் என்று நினைத்துக் கதவைச் சாத்த ஓடினார். ஐயா அந்த நேரத்தில் பின்வாசல் வழியாகக் கையோடு கம்பி நீட்டிவிட்டார். முனையிலிருந்த மெடிக்கல் ஷாப்பும் அன்றைக்கு ஏனோ சீக்கிரமாக ஷட்டரை இறக்கிவிட்டது.

மாப்பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். சொன்ன நாளில் திரும்ப வரச் சொல்லி, இருவரையும் மறுபடி பரிசோதித்து, கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். பிரசவமானது. பெண் குழந்தை. டாக்டரம்மா கண்ணுக்கு மருந்து விட்டு, இமையைப் பிரித்து, விளக்கை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். குழந்தையின் கண் விளக்கோடு போனது. தங்கை அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அதற்குப் பிறகு அவள் சொன்னபடியே மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். அவர் என்ன பதில் சொன்னார் என்பது அவர்கள் வீட்டு விஷயம். அவர் இப்போது தூரத்து லோடுக்குப் போவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நேற்று வெளியூர்க்காரர் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்தார். அவர்கள் ஊரில் புதிதாக ஒரு மகான் வந்திருக்கிறாராம். தொடுவது இல்லையாம், ஊதுவாராம். மூச்சு ஐஸ் மாதிரி இருக்குமாம். "என்னா கூட்டம் தெரியுமா? நானே நாலு தடவை போயிட்டு வந்துட்டேன்!" என்றார் பெருமையாக.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. மூளை கிடையாது, படிப்பு கிடையாது. அதன் கூட்டத்துக்கு ஒரு முறை அரைகுறையாக அடி விழுந்தால் போதும், அடுத்த முறை அதே அடி அதனிடம் பலிக்காது. நாமோ மூளை உள்ளவர்கள். ஒரே ஆள், ஒரே பொடியை வைத்து, நம்மை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம்.